35 கிராம் நோயாளி

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ 'லவ் பேர்ட்ஸ்' வளர்க்கிறார்களா? பச்சை, மஞ்சள், நீலம் என்று பல நிறங்களில் கூண்டுக்குள் கீச்சிட்டுக் கொண்டிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கிளிகளின் சரியான பெயர் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். நம் கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டார்கள். பட்ஜெரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. 1840 ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்னும் பறவையியல் அறிஞர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே அவை உலகெங்கும் கூண்டுப் பறவைகளாகப் பரவின. (நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

இப்பறவைக்கு நோய் வந்தால் என்ன செய்வீர்கள்? கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வீர்கள். அவரும் மருந்து கொடுப்பார். உண்மையான சிக்கல் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது. கை பட்டாலே படபடத்து அலறும் ஒரு பறவையின் வாய்க்குள் நாளைக்கு இருமுறை மருந்தைச் செலுத்துவது எப்படி?

முதலில் நோயைக் கண்டுபிடிப்பதே எளிதன்று. கூட்டத்தில் தளர்ந்து காணப்படும் பறவையைத்தான் பருந்து குறி வைக்கும். ஆகவே இயன்றவரை நோயை வெளிக்காட்டாமல் இருப்பது பறவைகளின் இயல்பு. இறகுகளை உப்பலாகச் சிலிர்த்துக் கொண்டு, கண் மூடி, கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் சுவாசம் தடைப்படுகிறது. நடு மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்திக் கொண்டிருந்தால் பல நாட்களாகச் சதை கரைந்து வந்திருக்கிறது. சிறிய உடலாதலால் வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. அதை ஈடு செய்ய ஓயாமல் உணவு எரிய வேண்டும். எனவே சாப்பிடாத ஒரு நாள்கூட அதற்கு ஆபத்தானது. மருத்துவரிடம் போகும்வரை கூண்டின் ஒரு பக்கத்துக்கு வெளியே குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக விடுங்கள். வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்து கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு

பட்ஜெரிகரின் எடை ஏறத்தாழ 35 கிராம். ஒரு மருந்தின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக் கொள்வோம். 35 கிராம் என்பது 0.035 கிலோ. ஆகவே தேவைப்படுவது 0.35 மில்லிகிராம். மருந்துக் குப்பியில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து கரைந்திருந்தால், கொடுக்க வேண்டியது 0.035 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டுகள். அப்படியானால் ஒரு சொட்டு 0.05 மில்லிலிட்டர். நமக்கு வேண்டியது ஒரு சொட்டுகூட இல்லை!

'ஒரு சொட்டு கூடினால் என்ன?' என்று நாம் அலட்சியமாகக் கேட்கிறோமே, இங்கே ஒரு சொட்டு கூடினால் அளவு இரு மடங்குக்கு மேல் போய்விடும். மனிதருக்குரிய மாத்திரையை நகத்தால் கிள்ளிக் கரைத்துக் கொடுப்பது எவ்வளவு விபரீதம் என்று இப்போது புரிகிறதல்லவா? மருத்துவர் மருந்தை நீர்க்கச் செய்து, நூறில் ஒரு பங்கு மில்லிலிட்டர் வரை கோடிட்ட சிறு சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டுத் தருவது இதனால்தான்.

மருந்தைக் குடிநீரில் கலந்து வைத்தால் என்ன? வறண்ட நிலத்தில் தோன்றிய இப்பறவை ஒரு நாள் முழுதும் ஒரு தேக்கரண்டி நீர்கூடக் குடிப்பதில்லை. நோய் வந்தால் அதுவும் குறையும். கசப்புத் தெரிந்தால் குடிப்பதை அடியோடு நிறுத்திவிடலாம். எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று நமக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் அதற்குப் பிடித்தமான தினையில் கலக்கலாமா? இது இன்னும் மோசமான யோசனை. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கும் காடைகளுக்கும் நீல நிறமும் புளிப்புச் சுவையும் கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, பின்னர் குமட்டல் உண்டாகச் செய்தார்கள். அதன் பிறகு எலிகள் புளித்த நீரை வெறுத்தன. காடைகளோ நீல நிற நீரை வெறுத்தன! எலி சுவையை நினைவில் வைக்கிறது. காடை நிறத்தை நினைவில் வைக்கிறது. உடல் நலிந்திருக்கும் வேளையில் நம் கிளி ரோஜா நிற மருந்து கலந்த தினையைத் தின்று, சற்று நேரத்தில் வயிறு புரண்டதென்றால், மருந்தோடு சேர்த்துத் தினையையும் அது ஒதுக்கிவிடக்கூடும். பட்டினி கிடக்கக் கூடாத நேரத்தில் பட்டினி! ஆகவே பெரும்பாலும் நேரே அலகுக்குள் கொடுப்பதே முறை.

பிடிக்கும் விதம்

நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத்திரை இருக்கிறது. அது இறங்கினால் காற்று உள்ளே வரும். பறவைக்கு அப்படியொரு திரை இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அதன் காற்றுப்பைகள் விரிந்து சுருங்குகின்றன. எனவே பறவையின் வாயையும் மூக்கையும் தொடாமலேயே, மார்பை இறுகப் பிடித்து அதை மூச்சுத் திணறச் செய்துவிட முடியும். 'மெதுவாகத்தான் பிடித்தேன், செத்துவிட்டது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மார்பைத்தான் பிடித்திருப்பார்கள்.

மெல்லிய கைத்துண்டால் பின்புறமாக மூடி எடுங்கள். முதுகு உங்கள் உள்ளங்கையில் படியட்டும். தலை, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்கட்டும். மற்ற விரல்கள் சிறகுகளைத் தளர்வாகச் சுற்றியிருந்தால் போதும். மார்பின்மேல் எதுவும் அழுந்தக் கூடாது. பறவை நிமிர்ந்தே இருக்க வேண்டும். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், மல்லாத்திப் பிடித்து மருந்தைப் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். சிரிஞ்சு முனையை அலகின் பக்கவாட்டில் வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். விழுங்கும்வரை காத்திருங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தி, கையைத் தளர்த்திவிடுங்கள்.

அச்சத்தை அவிழ்ப்பது

பிடிக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் கூண்டுக்குள் கை நுழைந்து துரத்தினால் என்ன ஆகும்? இதயம் வேகமாய் அடிக்கும். நோயை எதிர்க்க வேண்டிய ஆற்றல் ஓடுவதில் செலவாகும். மூன்றாம் நாள் உங்கள் நிழலைக் கண்டாலே கூண்டுக் கம்பியில் மோதிக்கொள்ளும்.

இந்த இடத்தில் 1924 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நமக்கு உதவுகிறது. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் தனக்குப் பிடித்ததைத் தின்று கொண்டிருக்கும்போது, கூண்டிலிட்ட முயல் தூரத்தில் வைக்கப்பட்டது. அவன் கலங்காத அளவுக்கு அது சிறிது சிறிதாக அருகே நகர்த்தப்பட்டது. முடிவில் அவன் முயலைத் தானே தடவிக் கொடுத்தான். அவசரப்பட்டு முயலைத் திடீரென்று பக்கத்தில் கொண்டு வந்திருந்தால்? முயலின்மீதுள்ள அச்சம் உணவின்மீதும் பரவியிருக்கலாம்.

நம் வீட்டு முயல், சிரிஞ்சுதான். மருந்து இல்லாத வெற்றுச் சிரிஞ்சைக் கூண்டிலிருந்து சில அடி தள்ளிப் பிடித்துக்கொண்டே, மறுகையால் தினைக் கதிர் ஒன்றைக் கம்பி வழியாக நீட்டுங்கள். கிளி தின்கிறதா? சிரிஞ்சு அங்கேயே இருக்கட்டும். தின்பதை நிறுத்திவிட்டு, உடலை ஒடுக்கி உங்களையே பார்க்கிறதா? நீங்கள் அருகே வந்துவிட்டீர்கள்; பின்வாங்குங்கள். எவ்வளவு அருகில் வரலாம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, அந்தப் பறவைதான்.

அடுத்த கட்டத்துக்கு ஸ்கின்னர் வழி காட்டுகிறார். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுகளை இலக்குக்குச் செலுத்தப் புறாக்களைப் பழக்கும் வினோதமான வேலையில் அவர் ஈடுபட்டிருந்தார். 1943 ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரின் ஒரு மாவு ஆலைக் கட்டிடத்தில் அவரும் அவரது துணைவர்களும் மரப்பந்தை அலகால் அடிக்கும்படி ஒரு புறாவைப் பழக்க முயன்றார்கள். புறா அடிக்கவே இல்லை. அப்போது அது பந்தைப் பார்த்தாலே தானியம் கொடுத்தார்கள். பிறகு பந்தை நோக்கி அசைந்தால் மட்டும் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் புறா பந்தை அடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டது. முழுச் செயலுக்காகக் காத்திராமல், அதை நோக்கிய சின்னச் சின்ன அடிகளுக்குப் பரிசளிக்கும் இம்முறை இன்றும் மிருகக்காட்சி சாலைகளில் பயன்படுகிறது.

கிளி சிரிஞ்சைப் பார்த்தால் ஒரு தினைமணி. அதை நோக்கி ஓர் அடி வைத்தால் ஒரு மணி. அலகால் தொட்டால் இரண்டு! பிறகு சிரிஞ்சு முனையில் இனிப்பு நீர் ஒரு துளியைத் தொங்கவிடுங்கள். அதை நக்கிப் பார்த்த பறவை மறுநாள் தானாக வந்து நிற்கும். ஒவ்வொரு பயிற்சியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சில பறவைகள் ஒரு வாரத்தில் பழகும். சிலவற்றுக்கு ஒரு மாதம் ஆகும். இதெல்லாம் பறவை நலமாய் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை என்பதைக் கவனித்தீர்களா?

பழக்கப்படாத பறவைக்கு இன்றே நோய் வந்துவிட்டால்? காத்திருக்கக் கூடாது. நம்பிக்கையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்; உயிரைத் தேட முடியாது. துண்டால் பிடித்துக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எப்போதும் அதே துண்டை, அதே இரு வேளைகளில், முதலில் காட்டிவிட்டுப் பிடியுங்கள். கொஞ்சுவதுபோல் நடித்து, தினையைக் காட்டி ஏமாற்றிப் பிடிக்காதீர்கள். துண்டு வந்தால்தான் பிடிப்பார்கள் என்று கற்றுக்கொண்ட பறவைக்கு, துண்டு இல்லாத நேரம் முழுதும் அமைதியான நேரம். ஏமாற்றப்பட்ட பறவைக்கோ அமைதியான நேரமே கிடையாது. மருந்தைக் கூண்டுக்குள் கொடுக்காமல் வேறு அறையில் கொடுத்தால், கூண்டு அதன் புகலிடமாகவே இருக்கும். முடிந்தவுடன் தினைக் கதிரை வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

இந்தப் பொறுமை எவ்வளவு நாளைக்குத் தேவைப்படும் தெரியுமா? கிளிக் காய்ச்சல் என்னும் சிட்டகோசிஸ் நோய்க்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்தைப் பொதுவாக 45 நாட்கள் தருவார்கள். பறவை தெளிந்துவிட்டதென்று பத்தாம் நாளில் நிறுத்தினால் கிருமிகள் மீண்டும் தலைதூக்கும். அந்நாட்களில் கூண்டில் தொங்கும் கடல் நுரையை எடுத்துவிடச் சொல்வார் மருத்துவர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்துடன் பிணைந்து, அது உடலில் சேராதபடி தடுத்துவிடும். இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. 1929-30 ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்கக் கிளிகள் மூலம் பல நாடுகளில் பரவி உயிர்களைப் பறித்தது. எனவே எச்சத்தை நனைத்துத் துடையுங்கள். காய்ந்த தூளைப் பெருக்கிக் கிளப்பாதீர்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் இருமலும் வந்தால் பறவை இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, நாள்தோறும் காலையில் தீனி வைக்கும் முன் பறவையைச் சமையலறை மின்னணுத் தராசில் நிறுத்து எழுதுங்கள். தராசின்மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, அதன் எடையைக் கழித்துவிட்டால் பறவை தானே ஏறி நிற்கும். இதையும் தினைமணி கொடுத்தே பழக்கலாம். 35, 35, 34, 32 என்று எண்கள் இறங்கினால், இறகு சிலிர்க்கும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போய்விடலாம். மருந்து முடிந்த பிறகும் வாரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் ஒரு துளி இனிப்பு நீர் கொடுத்து வாருங்கள். பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கும்.