வானத்துக்கும் விலை!

நிலத்தை விற்பார்கள். வீட்டுக்கு மேலே உள்ள வெற்றிடத்தை விற்பார்களா? அமெரிக்காவின் நியூயார்க் நகரில் விற்கிறார்களே!

அங்கே ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்று சட்டம் உண்டு. 10 மாடிக்கு உரிமை உள்ளவர் 4 மாடியோடு நிறுத்தினால், மீதி உரிமையைப் பக்கத்து மனைக்காரருக்கு விற்கலாம். வாங்கியவர் அவ்வளவு கூடுதலாகக் கட்டலாம். விற்றவர் பிறகு கட்ட முடியாது.

1913-இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் உயரக் கட்டடம் கட்டப் பார்த்தார்கள். நகர நிர்வாகம் தடுத்தது. 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தடை சரியே என்றது. கட்டும் உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்ற வழி இருந்ததையும் சொன்னது. பழைய நிலையம் பிழைத்தது!

எனக்கு ஒரு சந்தேகம். ஒருத்தர் விற்கிறார், ஒருத்தர் வாங்குகிறார். நிழல் விழுகிற மூணாவது வீட்டுக்காரருக்கு வெயில் போச்சே, அதுக்கு யார் பணம் கொடுப்பாங்க?