கண்டிச் சுண்ணக்கல்லும் கல்சைற்று மாதிரிகளும்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கு நோக்கிக் குண்டசாலை, திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களின் வழியே செல்லும் பெருந்தெருவில் நம்மிற் பலர் பன்முறை பிரயாணஞ் செய்திருப்போம். திகனவை அண்மிக்கும் பகுதியில் வெண்ணிறக் கல்லகழ்வுகள் மலைச்சரிவை வெட்டி நிற்பதைக் கண்டிருப்போம். அங்கே அகழப்படும் கல் சூளைக்குச் சென்று சுண்ணாம்பாகின்றது. தூளாகித் தோட்டத்து மண்ணுக்கு உரமாகின்றது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு அக்கல் பயன்படு பொருளாகவே பழகிவிட்டது. அதனைக் கையிலெடுத்து வெயிலிற் பிடித்துப் பார்ப்பவர் மிகச் சிலர். அவ்வாறு பார்க்கும் முறையையும், பார்த்ததைப் பேணும் முறையையும் இக்கட்டுரையிற் கூறுவாம்.

கல்லின் பிறப்பு

கல்சைற்று என்பது கல்சியங் காபனேற்றினாலாய பளிங்குருவான கனியம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமாகிய சுண்ணக்கல்லும் இப்பொருளே. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிற் படியும் வெண்பொருக்கும் பெரும்பாலும் இப்பொருளே. ஆயினும் இரு நிலத்துக் கல்லுக்கும் வரலாறு வேறு. யாழ்ப்பாணக் கல் மயோசீன் காலத்துக் கடலிற் படிந்தது; அதிலே சிப்பிகளின் சுவடுகளை இன்றும் காணலாம். கண்டிக் கல்லோ உயர்நிலத் தொகுதி எனப் புவிச்சரிதவியலார் வழங்கும் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. ஆதியிற் கடற்படிவாயிருந்த அது, சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்திற் புதையுண்டு, பெரு வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மீண்டும் பளிங்காகி உருமாறியது. மகனீசியம் மிக்க இடங்களில் அது தொலமைற்றாகவும், ஏனைய இடங்களிற் கல்சைற்றாகவும், பெரும்பாலும் இரண்டுங் கலந்தும் காணப்படுகின்றது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. உலக நூதனசாலைகளை அலங்கரிக்கும் கல்சைற்றுப் பளிங்குகள் வெற்றிடங்களிலே தடையின்றி வளர்ந்தவை. இங்கிலாந்தின் கம்பலாந்துச் சுரங்கங்களிலும், மகாராட்டிரத்து நாசிக், சல்காவ் ஆகிய பகுதிகளின் எரிமலைப்பாறைக் குழிகளிலும் அத்தகையன கிடைத்துள்ளன. கண்டிச் சுண்ணக்கல்லிலோ ஒரு மணி மற்றொரு மணியை நெருக்கி வளர்ந்தமையால் இயல்பான முகங்கள் தோன்றுதல் அரிது. அதற்கு ஈடாக இம்மலைகள் தருவன இரண்டு: ஒன்று, விரற்கடை அளவுக்குப் பருத்த மணிகளின் பளபளக்கும் பிளவுத்தளங்கள், மற்றொன்று, அம்மணிகளுக்கிடையே பதிந்திருக்கும் துணைக்கனியங்கள். தேன்நிற மைக்காவாகிய புளோகோபைற்று, சிபினெல், போசுதரைற்று, காரீயச் செதில் ஆகியன அவற்றுட் சில.

அறியும் முறை

வெண்கல்லெல்லாம் கல்சைற்று அன்று. கண்டி மலைகளிற் குவாட்சும் பெல்சுபாரும் எங்கும் உள்ளன. ஐயம் நீங்கப் பின்வரும் சோதனைகள் போதும்.

முதலாவது, வன்மை. மோ என்பாரின் அளவில் கல்சைற்றின் வன்மை 3, குவாட்சின் வன்மை 7. பேனாக்கத்தி கல்சைற்றைக் கீறும், குவாட்சைக் கீறாது. இரண்டாவது, பிளவு. கல்சைற்றை உடைத்தால் மூன்று திசைகளில் ஒழுங்காகப் பிளந்து, சாய்ந்த பெட்டி போன்ற துண்டுகளாகும். எத்துணைச் சிறிதாக உடைப்பினும் 105 பாகையும் 75 பாகையுமாகிய கோணங்கள் மாறா. பிரான்சு தேசத்து அறிஞர் அயூய் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பளிங்குகளின் உள்ளமைப்புப் பற்றிய தம் கொள்கையை வகுத்தபோது இக்கனியத்தின் பிளவு அவருக்குப் பெருஞ்சான்றாயிற்று. மூன்றாவது, அமிலம். ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தின் ஒரு துளி கல்சைற்றின்மேல் விழுந்தவுடன் காபனீரொட்சைட்டு நுரைத்தெழும். தொலமைற்றைத் தூளாக்கினாலன்றி அவ்வாறு எளிதில் நுரைக்காது. ஆசிரியரின் மேற்பார்வையின்றி மாணவர் அமிலத்தைத் தொடலாகாது.

நான்காவது சோதனை கண்ணுக்கு விருந்து. தெளிந்த கல்சைற்றுத் துண்டொன்றை அச்செழுத்தின்மீது வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தோன்றும். துண்டை மெல்லச் சுழற்றினால் ஒரு விம்பம் அசையாது நிற்க, மற்றையது அதனைச் சுற்றிவரும். கல்லினுட் புகும் ஒளி இரு கதிராகப் பிரிந்து வெவ்வேறு வேகத்திற் செல்லுதலே காரணம். அவற்றின் முறிவுச்சுட்டிகள் 1.658, 1.486 ஆகும். இவ்விரட்டை முறிவை ஐசுலாந்துக் கல்சைற்றிற் கண்டு 1669 இல் உலகுக்கு அறிவித்தவர் தென்மார்க்கு அறிஞர் எரசுமசு பாத்தொலின். அதே கல்லைக்கொண்டு வில்லியம் நிக்கல் 1828 இல் ஓர் அரியத்தை அமைத்தார். பாறைகளை மென்தகடாகச் சீவி நுணுக்குக்காட்டியில் ஆராயும் கலை அவ்வரியத்தின் துணையாலேயே வளர்ந்தது.

ஒரு பெயர்ச்சீட்டின் கதை

அக்கலையிற் பயின்று கண்டிச் சுண்ணக்கல்லை ஆராய்ந்தவர் நம்மவர் ஒருவர். ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராச தாண்டவத்தையும் கீழைத்தேயக் கலையையும் நினைப்போமேயன்றிச் சுத்தியலை நினைப்பதில்லை. சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வராகிய அவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்றது தாவரவியலும் புவிச்சரிதவியலுமே. 1902 இல் இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளளவையின் முதலாவது பணிப்பாளராயிருந்தார்.

கண்டிக்குக் கிழக்கே அம்பக்கோட்டைக்கு அண்மையிலுள்ள கங்கபிட்டியவிற் சுண்ணக்கல்லும் வேறொரு பாறையும் தொடும் எல்லையில் நீலநிற மணிகள் சில காணப்பட்டன. அவை அதுவரை அறிவியல் அறியாத கனியம். கல்சியம், மகனீசியம், அலுமினியம், போரன், சிலிக்கன் ஆகியன சேர்ந்தது. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயரும் குமாரசுவாமியும் 1903 இல் அதனை விவரித்து, அராபியர் இலங்கைக்கு வழங்கிய செரந்தீபு என்னும் பெயரால் செரந்திபைற்று என்றனர். உலகில் எங்கு அக்கனியம் கிடைப்பினும் அதன் மூலத்தலம் கங்கபிட்டிய என்றே கனியவியல் நூல்கள் குறிக்கின்றன.

இதனால் அறியத்தக்கது யாது? அழகிய பளிங்கைத் தேடியிருந்தால் அவ்விடத்தை ஒருவர் கடந்து போயிருக்கக்கூடும். சாதாரணச் சுண்ணக்கல்லின் விளிம்பைக் கூர்ந்து நோக்கியதாலேயே புதுமை கிட்டியது. நோக்கியவர் இடத்தைக் குறித்துவைத்தமையால் ஒரு சிற்றூரின் பெயர் நிலைபெற்றது.

சேகரிப்போர் கடமை

நாம் மாணவராயிருந்த காலத்தில் விடுமுறைதோறும் கற்களைப் பொறுக்கி ஒரு தகரப்பெட்டியில் இட்டுவந்தோம். இடத்தை எழுதிவைக்கவில்லை, நினைவிலிருக்கும் என்று நம்பினோம். மிக அழகிய துண்டொன்றில் மண்கறை படிந்திருந்ததென்று அதனைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்தோம். மறுநாள் கறையும் போயிற்று. கண்ணாடிபோல் மின்னிய தளமும் மங்கிப்போயிற்று. பல்லாண்டு கழித்துப் பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்தவை கற்களே, மாதிரிகள் அல்ல. எது மாத்தளை, எது திகன என்று சொல்ல எவராலும் இயலவில்லை. அப்பிழையிலிருந்து நாம் கற்றவற்றை இளையோர்க்குக் கூறுதல் நம் கடன்.

கல்லகழ்வினுட் புகுமுன் உரியவரின் அனுமதியைப் பெறுக. அகழ்தல் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை மறவற்க. குகைகளிலே தொங்கும் சுண்ணப்படிவுகளையும், தொல்பொருட் சின்னமுள்ள பாறைகளையும் தொடற்க. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கடதாசியிற் சுற்றுக. வன்மை 3 உடைய கல் பிற கல்லோடு உரசினாற் கீறுபடும். வீடு வந்ததும் மென்தூரிகையாலும் நன்னீராலுமே துப்புரவு செய்க. புளிப்பான எதனையும் அணுகவிடற்க. கல்லின் பின்புறத்தில் வெண்பூச்சுப் பொட்டிட்டு இலக்கம் எழுதுக. அதே இலக்கத்தின் கீழ் ஊர், இடம், திகதி, துணைக்கனியம் ஆகியவற்றைக் கொப்பியிற் பதிக.

ஒரு மாதிரியை மதிக்கும்போது நிறம், தெளிவு, தளத்தின் ஒளி, ஊறின்மை, துணைக்கனியங்களோடு அமைந்த பொருத்தம் என்பவற்றை நோக்குவர். அவற்றோடு பெயர்ச்சீட்டையும் ஓர் உறுப்பாகக் கொள்க. வெள்ளைத் துண்டொன்று தன் ஊரைச் சொல்லுமாயின், ஊரறியாத பேரழகிலும் அது மேலானதே.

சூளையிலிட்ட தூய கல்சைற்றின் 100 பங்கில் 56 பங்கு சுண்ணாம்பாக எஞ்ச, 44 பங்கு வாயுவாய் அகலும். அது உலகியற் பயன்; அதனை நாம் குறைகூறோம். எனினும் வெந்த கல் தன் வரலாற்றைச் சொல்லாது. ஆதலின் விழாக் காணும் நம் கல்லூரிக்கு ஒரு சிறு காணிக்கையை வேண்டுகின்றோம். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தாம் வாழும் ஊரின் கல் ஒன்றை, கைப்பிடிக்கு அடங்குமளவில், ஊரும் திகதியும் எழுதி அனுப்புவாராக. திகனவின் வெண்கல்லும் கீரிமலையின் சிப்பிக்கல்லும் விஞ்ஞானகூடத்து அலுமாரியில் அருகருகே அமரட்டும். அவற்றைக் கையிலெடுக்கும் மாணவருள் ஒருவரேனும் கல்லின் விளிம்பைக் கூர்ந்து நோக்குவாராயின் நம் முயற்சி பயன் பெற்றதாகும்.