மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானங்களும் ரேடியோ அலை ஒழுங்கும்

பயிர்களுக்குப் பூச்சி மருந்து தெளிப்பதற்கு ட்ரோன் என்று வழங்கும் ஆளில்லாச் சிறு விமானங்கள் சென்ற சில வருஷங்களாகத் தமிழ்நாட்டு ஜில்லாக்களில் உபயோகத்துக்கு வந்திருக்கின்றன. குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. கலாசாலை இவ்வகை யந்திரங்களை அமைப்பதில் பெயர் பெற்றது. மாநில சர்க்கார் 2022-ம் வருஷத்தில் ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக் கழகம் ஒன்றையும் ஏற்படுத்தினர். 2023-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மத்திய சர்க்கார் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இத்தகைய யந்திரங்களை உதவித் தொகையுடன் அளிக்கும் திட்டத்தை அங்கீகரித்தனர். ஆகையால் ஒரு கிராமத்து வெளியில் ஒரே காலை வேளையில் இரண்டு மூன்று யந்திரங்கள் பறப்பது இனி அபூர்வமான காட்சியன்று.

இதன் சௌகரியங்கள் பலருக்கும் தெரிந்தவையே. கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்க, இதற்குச் சுமார் 10 லிட்டர் போதும். மருந்தின் நடுவே ஆள் நடந்து செல்ல வேண்டியதில்லை. ஆனால் யந்திரத்தை ஆளுவது கண்ணுக்குப் புலப்படாத ரேடியோ அலை என்பதையும், அந்த அலையில் குழப்பம் நேர்ந்தால் விளைவது என்ன என்பதையும் நிலச்சுவான்தார்களில் அநேகர் கவனிப்பதில்லை. மருந்துடன் ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள யந்திரம், சுழலும் விசிறிகளோடு, நாற்று நடும் பெண்கள் நிற்கும் இடத்தில் விழுமாயின் உயிர்ச்சேதம் நேரலாம். மருந்து முழுவதும் ஒரே இடத்தில் கொட்டி வாய்க்கால் வழியே ஏரிக்குப் போனால் மீனும் கால்நடையும் கெடும். உடைந்த மின்கலம் தீப்பற்றவும் கூடும்.

யந்திரம் ஆணை பெறும் விதம்

இயக்குபவர் கையிலுள்ள பெட்டி டிரான்ஸ்மிட்டர் எனப்படும். அது அனுப்பும் ஆணையை வாங்கிக்கொள்வது யந்திரத்திலுள்ள ரிசீவர். வலம், இடம், ஏற்றம், இறக்கம் ஆகிய எல்லா ஆணைகளும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் செல்லுகின்றன. அதே அலைவரிசையில் வேறொருவர் தம் பெட்டியை இயக்கினால் ரிசீவருக்கு இரண்டு ஆணைகளும் கலந்து வந்து சேரும். இரண்டு வண்டிக்காரர் ஒரே மாட்டுக்கு ஒரே சமயத்தில் குரல் கொடுத்தால் மாடு திகைத்து நிற்கும். ஆகாயத்திலுள்ள யந்திரத்துக்கோ திகைத்து நிற்க இடமில்லை. அது விழவே செய்யும்.

மாதிரி விமான மைதானங்களின் பழைய வழக்கம்

இந்த அபாயத்தை முதலில் உணர்ந்தவர்கள் பொழுதுபோக்காக மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டவர்களே. அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் 1937-ம் வருஷத்தில் ரேடியோவினால் ஆளப்படும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டனர்; அவ்விமானம் இன்றும் ஸ்மித்ஸோனியன் காட்சிச்சாலையில் இருக்கிறது. பின்னர் இவ்வழக்கம் பெருகவே, அந்நாட்டில் 72 மெகா ஹெர்ட்ஸ் பகுதியிலும், பிரிட்டனில் 35 மெகா ஹெர்ட்ஸ் பகுதியிலும் எண்ணிட்ட வரிசைகள் இதற்கென ஒதுக்கப்பட்டன. அமெரிக்காவில் அவ்வரிசைகள் 11 முதல் 60 வரை எண்ணிடப்பட்ட ஐம்பது. ஒரு வரிசையை ஒரு நேரத்தில் ஒருவரே உபயோகிக்கலாம் என்பது மாற்ற முடியாத நியதி.

இந்நியதியைக் காக்க மைதானந்தோறும் ஒரு பலகை நாட்டப்பட்டது. பலகையில் வரிசை எண்ணுக்கு ஒன்றாகத் துணி உலர்த்தும் கவ்வி போன்ற சிறு கவ்விகள் இருக்கும். பறக்கவிட விரும்புகிறவர் தம் எண்ணுள்ள கவ்வியை எடுத்துத் தம் பெட்டியின் ஏரியலில் மாட்டிக்கொள்வார். கவ்வி கையில் இல்லாதவர் பெட்டியின் விசையைத் தொடலாகாது. பறந்து முடிந்தவுடன் கவ்வியைப் பலகைக்குத் திருப்பிவிட வேண்டும். சில மைதானங்களில் பெட்டிகள் அனைத்தையும் ஓரிடத்தில் ஒப்படைத்து, முறை வரும்போதே பெற்றுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அலைகள் வெகுதூரம் செல்லுவதால், இரண்டு மைதானங்களுக்கு இடையே மூன்று மைல் தூரமாவது இருப்பது நலம் என்றும் அமெரிக்கச் சங்கத்தார் கூறினர்.

செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிப் பாசன விவசாயிகளுக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. மதகு ஒன்று, வயல்கள் பல. நீர்க்கட்டி முறை வைத்துத் தண்ணீர் விடுகிறான். தன் முறையல்லாத நேரத்தில் மடையைத் திறப்பவன் அடுத்தவன் பயிரைக் கெடுப்பவனாகக் கருதப்படுகிறான். ரேடியோ அலையும் அவ்வாறே பொதுச்சொத்து. முறையின்றி எடுத்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

புதிய அலைவரிசையும் அதன் குறைகளும்

ஏறக்குறைய இருபது வருஷங்களாக மாதிரி விமானங்களும், பின்னர் ட்ரோன்களும், பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதிக்கு மாறிவிட்டன. இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் குறைந்த சக்தியுள்ள சாதனங்களுக்குத் தனி லைசென்ஸ் இன்றி உபயோகிக்க 2005-ம் வருஷத்தில் அநுமதி அளிக்கப்பட்டது. சாதனத்தின் சக்தி 1 வாட்டையும், ஏரியலின் பெருக்கம் சேர்ந்து 4 வாட்டையும் மீறலாகாது. சாதனமும் அங்கீகாரம் பெற்ற மாதிரியாக இருத்தல் வேண்டும். சக்தியைக் கூட்டும் உபகரணங்களை வெளியில் வாங்கிப் பொருத்துவது விதிக்கு விரோதம்.

இப்புதிய முறையில் டிரான்ஸ்மிட்டர் ஒரே வரிசையில் நில்லாது நொடிக்குப் பல தடவை வரிசை மாறித் தாவுகிறது. ரிசீவரும் தனக்கு இணைக்கப்பட்ட பெட்டியின் அடையாளத்தை அறிந்து அதன் ஆணையை மட்டுமே ஏற்கிறது. ஆகையால் பல யந்திரங்கள் ஒரே வெளியில் பறக்க முடிகிறது. கவ்விப் பலகையும் பல இடங்களில் மறைந்துவிட்டது. ஆயினும் அபாயம் முற்றும் நீங்கிவிட்டதாக எண்ணுவது தவறு. அதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, இதே பகுதியைத்தான் வீடுகளிலும் காரியாலயங்களிலும் உள்ள வை-ஃபை பெட்டிகளும், கைப்பேசிகளின் புளூடூத்தும் உபயோகிக்கின்றன. கூட்டம் மிகுந்தால் ஆணை சென்று சேரும் தூரம் குறையும்.

இரண்டாவது, இந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டரே. ஈரமான இலைகளும், தென்னந்தோப்பும், மனித உடலும் அதைத் தடுக்கும். யந்திரம் கண்ணுக்கு மறைந்தால் பெரும்பாலும் அலைக்கும் மறைந்ததாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, யந்திரத்திலிருந்து படம் அனுப்பும் பழைய மாதிரிச் சாதனங்கள் 5.8 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் நிலையான வரிசைகளில் இயங்குகின்றன. அவற்றுக்கு ஒரு வரிசைக்கு ஒருவரே என்னும் பழைய நியதி இன்றும் பொருந்தும். புதிதாக ஒருவர் விசையைப் போட்ட கணத்தில், பறந்துகொண்டிருப்பவருடைய படம் மறைந்துவிடும்.

நான்காவது, ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி யந்திரங்கள் இரண்டு இருக்கும் இடத்தில் பெட்டி மாறிப்போவது எளிது. தரையில் ஆள் குனிந்து மருந்து நிரப்பும் யந்திரம் திடீரெனச் சுழல ஆரம்பித்தால் கையோ கண்ணோ போகும்.

நாவலூரின் நிலைமை

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள நாவலூர் இவ்விஷயத்தில் விசேஷ கவனத்துக்குரியது. ஒரு காலத்தில் ஏரியும் நெல் வயலுமாக இருந்த இவ்வட்டாரத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மாடிக் கட்டடங்களும், அடுக்குமாடி வீடுகளும், கைப்பேசிக் கோபுரங்களும் நிறைந்துள்ளன. அருகிலுள்ள சிறுசேரியில் சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. மீதமுள்ள வயல்களில் மருந்து தெளிப்பவர், நாட்டுப்புறத்தில் ஒரு கிலோமீட்டர் எட்டும் பெட்டி இங்கும் அவ்வளவு எட்டும் என்று நம்பலாகாது. கட்டடங்களின் நிழலில் அலை தடைப்படும். உயர் அழுத்த மின்கம்பிகளுக்கும் இரும்புக் கட்டுமானங்களுக்கும் அருகில் யந்திரத்தின் திசைகாட்டியும் பிசகும்.

இரண்டாவது விஷயம் ஆகாயத்தைப் பற்றியது. 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி வெளியான ட்ரோன் விதிகளின் பிரகாரம் ஆகாயம் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சாதாரணப் பச்சைப் பகுதியில் 400 அடி வரையிலும், விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடங்களில் 200 அடி வரையிலும் முன் அநுமதியின்றிப் பறக்கலாம். இந்திய விமானப் படையின் தாம்பரம் நிலையம் நாவலூரிலிருந்து ஏறக்குறைய அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலேயே இருப்பதால், எல்லைக்கோடு எந்த வயலில் விழும் என்பதை ஊகத்தால் தீர்மானித்தல் கூடாது. விமானப் போக்குவரத்துத் துறையினரின் வரைபடத்தை அன்றன்று பார்த்தே யந்திரத்தை எழுப்ப வேண்டும்.

வயலில் அனுசரிக்க வேண்டிய முறைகள்

காற்று அடங்கியிருக்கும் காலையும் மாலையுமே மருந்து தெளிப்பதற்கு ஏற்றவை. புகையானோ இலைச்சுருட்டுப் புழுவோ கண்டால் ஊரார் எல்லோரும் ஒரே வாரத்தில் தெளிக்க முற்படுவர். இவ்விரு காரணங்களால் யந்திரங்கள் ஒரே நேரத்தில் கூடுகின்றன. ஆகையால் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது அவசியம்.

1. ஒவ்வொரு யந்திரத்துக்கும் அதன் பெட்டிக்கும் ஒரே எண்ணை வர்ணத்தால் பெரிதாக எழுதுக. எண் ஒவ்வாத பெட்டியை எவரும் தொடலாகாது.

2. களத்து மேட்டில் ஒரு பலகை நாட்டி, யந்திர எண், இயக்குபவர் பெயர், தெளிக்கும் வயல், படம் அனுப்பும் வரிசை, ஏறும் நேரம் ஆகியவற்றை எழுதுக. பலகையில் எழுதாதவர் விசையைப் போடலாகாது.

3. விசையைப் போடுமுன் உரக்க அறிவித்து, பறந்துகொண்டிருப்பவர் சம்மதம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

4. முதலில் பெட்டி, பிறகு யந்திரம். முடிக்கும்போது முதலில் யந்திரம், பிறகு பெட்டி. இவ்வரிசையை மாற்றினால் சிறிது நேரம் யந்திரம் ஆள்வாரின்றி நிற்கும்.

5. ஏரியலின் நுனியை யந்திரத்தை நோக்கி நீட்டலாகாது. நுனித் திசையில்தான் அலை மிகவும் பலவீனம். ஏரியலின் பக்கவாட்டு யந்திரத்தை நோக்கியிருத்தல் வேண்டும்.

6. புதிய வயலில் முதல் நாள், மருந்து நிரப்பாமல், வயலின் கடைசி மூலை வரை ஓட்டிப் பார்த்து, ஆணையின் பலம் குறையாதிருப்பதை அறிந்துகொள்ளுக.

7. தொடர்பு அறுந்தால் யந்திரம் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் ஏற்பாடு பெரும்பாலானவற்றில் உண்டு. திரும்பும் உயரத்தை அருகிலுள்ள மிக உயர்ந்த தென்னைக்கும் மின்கம்பிக்கும் மேலாக, ஆனால் அநுமதித்த எல்லைக்குள், நிர்ணயிக்க வேண்டும். இரண்டு யந்திரங்கள் பறக்கும் இடத்தில் அவ்வுயரங்கள் வெவ்வேறாக இருக்கட்டும்.

8. இயக்குபவரைச் சூழ்ந்து நின்று கைப்பேசியில் படம் பிடிப்பதும், அவருடன் பேச்சுக் கொடுப்பதும் தகாது. இயக்குபவர்கள் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும்படி நிற்கலாம். ஆனால் பெட்டிகள் உரசும்படி நெருங்கலாகாது.

9. தாழப் பறக்கும் விமானமோ ஹெலிகாப்டரோ தென்பட்டால் வேலையை நிறுத்தி யந்திரத்தை உடனே இறக்குக.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியது

இயக்குபவரிடம் விதிப்படியான சான்றிதழ் உண்டா, யந்திரம் பதிவு எண் பெற்றதா என்பவற்றைத் தெளிப்பு ஆரம்பிக்குமுன் கேட்டறிவது கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கடினமான காரியமன்று. சான்றிதழ் பெற 18 முதல் 65 வயதுக்குள் இருத்தலும், பத்தாம் வகுப்புத் தேறியிருத்தலும், அங்கீகரித்த பள்ளியில் பயிற்சி பெறுதலும் வேண்டும். விதி மீறியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். எந்த நாள் எந்த வயலில் தெளிப்பு என்பதை முந்தின நாளே தண்டோராவினாலோ கைப்பேசிச் செய்தியினாலோ அறிவித்து, நடவாட்களையும் மேய்ச்சல் மாடுகளையும் விலக்கி வைத்தால் பாதி அபாயம் நீங்கிவிடும்.

அடுத்தடுத்த இரண்டு நிலக்காரர்கள் தனித்தனியே யந்திரம் அமர்த்தி ஒரே காலையில் தெளிக்க முற்பட்டு, அதனால் ஒரு யந்திரம் விழுமாயின், தவறு யாருடையது என்னும் வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும். யந்திரத்தின் விலையோ பல லட்சம் ரூபாய். அரை மணி நேரம் காத்திருந்து முறைப்படி இறக்கி ஏற்றுவதில் எவருக்கும் நஷ்டமில்லை. ஒரு பலகையும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் இதற்குப் போதுமான செலவு. தண்ணீர் முறையை எழுதாத சட்டமாகக் காத்துவந்த கிராமத்தார், இந்த அலை முறையையும் அடுத்த சாகுபடிக்குள் ஏற்படுத்திக்கொள்வது உசிதமாகும்.