இலையும் கிழங்கும்: யாரிடம் கேட்பது?

நெடுந்தீவில் செடிகொடி பற்றிய அறிவு ஒருவரிடம் மட்டும் இருந்ததில்லை. முசுட்டை, முல்லை, தூதுவளை இலைகளைப் பார்த்துப் பறித்துச் சமைக்கப் பெண்களுக்குத் தெரியும். பனையைப் பற்றிச் சீவல் தொழிலாளரிடம் கேட்க வேண்டும். மாடு எதைத் தின்னாது என்பதை மேய்ப்பவர் சொல்வார். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிகளில் சாயவேர் கிண்டுவது குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட ஊழியம். அந்தக் கட்டாயம் ஒழிந்தது நல்லதே. ஆனால் செயற்கைச் சாயம் வந்து தொழில் நின்றபின் அந்த அறிவும் தேய்ந்தது.

இடப்பெயர்வும் இதைத்தான் செய்கிறது. முகாமிலும் நகரத்திலும் வளர்ந்த பிள்ளைகள் கீரையைச் சந்தையில் கட்டாகக் கண்டவர்கள். வளவில் முளைத்திருப்பது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே வளவைத் துப்புரவாக்கும்போது கவனமாயிருங்கள். கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கு கடும் நஞ்சு. உண்ணக்கூடிய கிழங்கென்று எண்ணி அதை அவித்துத் தின்றவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. யாராவது தின்றுவிட்டால் வாந்தியோ வயிற்றோட்டமோ வரட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கிழங்கின் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

அம்மம்மா, அப்பம்மா இருந்தால் பிள்ளைகளுடன் வளவைச் சுற்றிவரச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லட்டும்.