சிங்கப்பூரா, மலேசியாவா: வேலைக்குக் கிளம்பும் தம்பிக்கு

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் பாலம்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவரைச் சட்டம் பார்க்கும் விதம் கரைக்குக் கரை வேறு. பொதுவானது ஒன்று: இரண்டு இடத்திலும் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் போகும்.

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. அதனால் கிளம்பும் முன் வரும் ஐபிஏ லெட்டர், அதாவது பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்தான் உயிர்நாடி. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். அதைத் தொழிலாளியின் தாய்மொழியில் அனுப்புவது முதலாளியின் கடமை. அதில் எழுதிய அடிப்படைச் சம்பளத்தைத் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்கக் கூடாது. ஏஜென்ட் வாயால் சொல்லும் தொகையில் ஓவர்டைமும் சேர்ந்திருக்கலாம். போவதற்கு வாங்கும் கடனுக்குக் கணக்குப் போட வேண்டியது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அங்குள்ள ஏஜென்ட் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளமே கட்டணமாக வாங்கலாம். ஆனால் அந்த வரம்பு ஊரில் நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பணத்தைத் தொடாது. கடன் ஏறுவது இங்கேதான்.

மலேசியாவில் மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சக் கூலி வெளிநாட்டவருக்கும் உண்டு. வீட்டுவேலை செய்பவருக்கு மட்டும் அது கிடையாது. பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் விபத்துக் காப்பீடு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வந்துவிட்டது. காகிதத்தில் இது தாராளமான சட்டம். பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதில்தான் ஆபத்து. முதலாளி புதுப்பிக்காமல் விட்டாலும், சோதனையில் பிடிபடுவது தொழிலாளி. பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அப்படியும் நடக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் நகலும் ஊரில் வீட்டாரிடம் இருப்பது நல்லது. ‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பிப் போகிறவர் முதல் நாளிலிருந்தே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ குறிப்பு இருக்கும். அவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் ஒப்பந்தத்தை அதிகாரி ஒருவர் பார்த்துவிடுகிறார். அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஐபிஏ லெட்டரை வரிவரியாகப் படித்துப் பார்க்கும் வேலை அங்கே போகிறவருடையதே.