இடனறிந்து தொழில் செய்தல்

நம்மிடம் கற்றுக் கணினியியலிற் பட்டம் பெற்ற இளைஞர் கல்லூரிக்கு வரும்போதெல்லாம் "ஐயா, உத்தியோகம் ஏதும் உண்டா?" என்றே வினவுகின்றனர். சிலர் கொழும்புக்குச் செல்கின்றனர். சிலர் கடல் கடக்கின்றனர். தாமே சிறிய மென்பொருள் வாணிகம் ஒன்றை நடத்த எண்ணுவோர் மிகச் சிலர். முதல் இல்லை, பெரு நிறுவனங்களோடு போட்டியிட வலி இல்லை என்பன அவர் கூறுங் காரணங்கள். அவை எத்துணைப் பொருந்தும் என்பதை உண்மை வரலாறு ஒன்றைக் கொண்டு ஆராய்வாம்.

பற்றிக் மக்கென்சி என்னும் அமெரிக்கர் யப்பானிலே சம்பளத்துக்குப் பணிபுரிந்து வந்தார். 2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர் பிங்கோ காட் கிரியேற்றர் என்னும் மென்பொருளை விற்பனைக்கு வைத்தார். அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளிற் சொற்களை வாசிக்கப் பழக்குதற்குப் பிங்கோ விளையாட்டைக் கையாளுவர். அட்டையில் 25 கட்டங்கள் உள. நடுக்கட்டம் நீங்கலாக ஏனைய 24இலும் சொற்கள் இருக்கும். ஆசிரியர் கூறுஞ் சொல்லைத் தம் அட்டையிற் கண்ட பிள்ளைகள் அதனை மறைப்பர். ஒரு வரிசையை முதலில் மறைத்தவர் வென்றவராவர். அட்டைகள் யாவும் ஒன்றாயின் எல்லாரும் ஒருங்கே வெல்வர். ஆதலின் 30 பிள்ளைகளுக்கு 30 வேறு அட்டைகள் வேண்டும். கையால் எழுதும் ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது இதிலேயே கழியும். மென்பொருளோ சொற்களைக் கலைத்து அடுக்கிச் சில நிமிடங்களில் அச்சிடத் தரும்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றலை மாணாக்கர் அறிவர். அரசியலிற் கூறப்பட்ட அம்மூன்றும் இவ்வாணிகத்துக்கும் பொருந்துவனவே.

வலியறிதலாவது தன் அளவறிந்து தொடங்குதல். மக்கென்சி இட்ட முதல் ஏறக்குறைய 60 டொலர்; உழைப்பு ஒரு வாரமளவு. உத்தியோகத்தை அவர் உடனே துறந்தாரல்லர். ஓய்வு நேரத்தில் வாணிகத்தைப் பேணி, 2010ஆம் ஆண்டிலேயே வேலையை விட்டார்.

காலமறிதலாவது வாங்குவோர்க்கு வேண்டும்பொழுது ஆயத்தமாய் இருத்தல். ஒக்டோபர் இறுதியில் வரும் ஹலோவீன் நாளுக்கு முன், அதற்கேற்ற அட்டைகளை ஆசிரியர் கூகிளில் தேடுவர். மக்கென்சி பாடத்துக்கும் பண்டிகைக்கும் ஏற்பத் தனித்தனி இணையப் பக்கங்களை முன்னரே அமைத்து வைத்தார். வாங்குவோர் தம் சொல்லாலேயே தேடுவர், விற்போர் சொல்லால் தேடார் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இடனறிதலே யாவற்றினுஞ் சிறந்தது. இத்துணைச் சிறிய சந்தையைப் பெரு நிறுவனம் நோக்காது. அதன் செலவுக்கு இவ்வருவாய் போதாது. தனி ஒருவர்க்கோ அது போதும். ஒருமுறை ஆக்கிய மென்பொருளை எத்தனை பேருக்கு விற்பினும் மீள ஆக்குஞ் செலவில்லை. ஆயினும் சிறு சந்தைக்கு எல்லையும் உண்டு. அதனாலன்றோ அவர் பின்னர், குறித்த சந்திப்பு நேரத்தைத் தொலைபேசியில் நினைவூட்டும் வேறொரு சேவையையும் தொடங்கினார்.

இவ்வரலாற்றைப் படித்தபொழுது நாம் நாணினோம். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கென எழுத்தட்டைகளைக் கத்தரித்து நாமும் எத்தனையோ மாலைகளைக் கழித்தோம். அருகிருந்து கத்தரித்துத் தந்த மாணாக்கருட் சிலர் பின்னர் கணினி கற்றனர். "இத்தொல்லைக்கு ஒரு வழி காண்பாயா?" என அவர்களை நாம் ஒருநாளும் கேட்டிலோம். நன்றாகப் படித்து உத்தியோகம் பெறுக என்றே வாழ்த்தினோம்.

ஆதலின் இளைஞரே, கணினியின் முன் அமருமுன் ஒரு தொழிலின் அருகில் அமருங்கள். கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கரும், அச்சகத்தாரும், தோட்டஞ் செய்வாரும், உங்கள் பழைய ஆசிரியரும் எவ்வேலையை மீண்டும் மீண்டும் செய்து சலிக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனை நீக்கக் காசு கொடுப்பார்களா என்றும் அவர்களையே கேளுங்கள். அடுத்த முறை கல்லூரிக்கு வரும்பொழுது, உத்தியோகம் உண்டா என வினவுதற்கு முன், எங்கள் வேலையில் எது கடினம் என வினவுங்கள். விடை கூற நாம் காத்திருக்கின்றோம்.