நடிகை இறந்த மறுநாள்: பேசக்கூடாதவை, கேட்க வேண்டியவை

2020 டிசம்பர் 9 அன்று சின்னத்திரை நடிகை வி.ஜே. சித்ரா தற்கொலை செய்துகொண்டார் என்ற செய்தி வந்தது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரின் முல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்தத் தொடர் ஓடிய வீடுகளுக்கு அவர் நடிகை அல்ல, பழகிய வீட்டுப் பெண். அதனால் பேச்சும் உரிமையோடுதான் வந்தது. "அவளுக்கு என்ன குறைச்சல்?" "கோழைத்தனம்." "வேற ஏதோ இருக்குப்பா, சொல்ல மாட்டேங்குறாங்க."

இதில் ஒரு வார்த்தையும் சித்ராவின் காதில் விழப்போவதில்லை. கேட்டுக்கொண்டிருந்தது அதே கூடத்தில் இருந்தவர்கள்: மூன்று மாதமாகத் தூக்கம் வராத மருமகள், டி.என்.பி.எஸ்.சி.யில் மறுபடியும் தோற்ற பையன், வட்டிக்கு வாங்கிக் கரும்பு போட்டுவிட்டு ஆலைப் பணத்துக்குக் காத்திருக்கும் சித்தப்பா. நாளைக்கு நான் வாயைத் திறந்தால் இவர்கள் என்னை என்ன சொல்வார்கள் என்று அவர்கள் அன்றைக்கே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள பட்டியல் அவர்களுக்காக.

செய்யக்கூடாதவை

"என்ன குறைச்சல்?" என்று கேட்காதீர்கள். மனச்சோர்வு ரேஷன் கார்டின் நிறம் பார்த்து வருவதில்லை. காசு, அழகு, பெயர் இருந்தவருக்கே நம்மிடம் இரக்கம் இல்லையென்றால், இதில் எதுவுமில்லாத நம் வீட்டுப் பையன் என்ன எதிர்பார்ப்பான்? கோழை என்பதும் வேண்டாம். அதைவிட ஆபத்தானது இன்னொன்று: "நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டா" என்பது. சாவை விடுதலையாகவோ தியாகமாகவோ பேசும் பழக்கம் நம் அரசியலிலேயே ஊறியிருக்கிறது. 2016இல் ஜெயலலிதா மறைந்தபோது, அதிர்ச்சியில் இறந்தவர்களோடு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கும் அ.தி.மு.க. 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. குடும்பத்துக்கு உதவியது சரிதான். ஆனால் போஸ்டரும் மாலையும் உயிரோடிருக்கும் தொண்டனுக்கு என்ன சொல்லிக்கொடுக்கின்றன என்பதை எந்தக் கட்சியும் யோசித்ததாகத் தெரியவில்லை.

துப்பறியாதீர்கள். தற்கொலைக்குத் தூண்டியதாகச் சித்ராவின் கணவர் அதே மாதம் கைதானார். அதற்கு முன்பே யூடியூபில் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள். 2024 ஆகஸ்டில் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. முதல் வாரத்தில் தீர்ப்புச் சொன்னவர்களில் எத்தனை பேர் இந்தச் செய்தியைப் போட்டார்கள்? ஒரு சாவுக்கு ஒரே காரணம், ஒரே வில்லன் என்பது சீரியல் இலக்கணம். உண்மையில் நோய், கடன், குடி, உறவு, அவமானம் எல்லாம் பின்னிக் கிடக்கும். அவற்றில் சரிசெய்யக்கூடியவையும் பல இருக்கும்.

படம், வீடியோ, கடைசிக் கடிதம், எப்படி நடந்தது என்ற விவரம் எதையும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். இது வெறும் நாகரிகம் பற்றியது அல்ல. 2014இல் ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் இறந்த பிறகு, அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவில் தற்கொலைகள் வழக்கத்தைவிடச் சுமார் 10 சதவீதம் கூடின. ஆனால் 1994இல் சியாட்டில் நகரில் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்தபோது, பயந்த அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் அவருடைய இசையைப் பாராட்டின, சாவைப் பாராட்டவில்லை. கூடவே உதவி எண்களையும் அச்சிட்டன. அந்த எண்களுக்கு அழைப்புகளும் கூடின. நம் பிரஸ் கவுன்சிலும் 2019இல் விதி வகுத்திருக்கிறது: முக்கியத்துவம் கொடுத்துப் பெரிதாகப் போடக்கூடாது, முறையை விவரிக்கக்கூடாது, பரபரப்புத் தலைப்பு கூடாது. ஆனால் ஊர் வாட்ஸ்அப் குரூப்பை எந்தக் கவுன்சிலும் கட்டுப்படுத்தாது. அங்கே அட்மின்தான் ஆசிரியர்.

'மெண்டல்', 'லூசு', 'கீழ்ப்பாக்கம் கேஸு' போன்றவற்றைக் கேலிக்குக்கூடச் சொல்லாதீர்கள். விளக்கம் தேவையில்லை.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று முடிவெடுக்காதீர்கள். சரியாகாது. இரண்டு பேர் கஷ்டப்படுவார்கள்.

செய்ய வேண்டியவை

நேராகக் கேளுங்கள். "கொஞ்ச நாளா நீ நீயாவே இல்லடா. செத்துடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை, கேட்பதால் பாரம் இறங்குகிறது என்பதே மனநல மருத்துவர்களின் அனுபவம், ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமான பாகம். "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனை பேரு" என்று ஆரம்பிக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். சொல்ல வேண்டியிருக்கும்.

உதவி எண்களை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். டெலி மானஸ் 14416: இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104. சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா 044-24640050. நேரில் போக வேண்டுமென்றால், விழுப்புரத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். திண்டிவனத்திலிருந்து பாண்டி பஸ் ஏறினால், ஊருக்குள் நுழையும் முன்பே ஜிப்மர் வந்துவிடும். கை கால் வலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் போகிற அதே இடங்கள்தான்.

கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குக் கூட்டிப் போகும் குடும்பத்திடம் அது மூடநம்பிக்கை என்று சண்டை போட்டால், அவர்கள் அங்காளம்மனை விடமாட்டார்கள், உங்களைத்தான் விடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல சிகிச்சையும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அமாவாசைக்கு மறுநாள் முண்டியம்பாக்கத்தில் ஓ.பி. சீட்டு வாங்கலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மாத்திரைக்கு நேரம் கொடுங்கள். பாதி சிகிச்சை முறிவது இங்கேதான். மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். வயிற்றைப் புரட்டுவது, அசதி போன்ற தொந்தரவுகளோ முதல் வாரமே வந்துவிடும். "எல்லாம் தூக்க மாத்திரைடி, அடிமையாயிடுவ" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, பத்தாம் நாள் நின்றுபோகும். மனச்சோர்வு மாத்திரை போதைப்பொருள் அல்ல. தேறிய பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் படிப்படியாக. எப்போதாவது சாக வேண்டும் போலத் தோன்றுவது கூடினால், அடுத்த சீட்டுத் தேதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். சாகும் எண்ணம் பலருக்கும் அலையாக வந்து போவது. நடுவில் ஒரு பூட்டு இருந்தால் அலை கடந்துவிடும். 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று மறைத்து நேரம் கடத்தாதீர்கள். மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லும், அது நடைமுறை. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, குற்றவாளியாக அல்ல. முயற்சியைத் தண்டித்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

கடைசியாக, நோயாளியை ஹோமில் விடுவதற்கு முன் விசாரியுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். இன்று சங்கிலியிடுவது சட்டப்படி கூடாது. அது ராமநாதபுரத்தோடு போயிற்று என்று நினைத்திருந்தோம். 2023 பிப்ரவரியில் நம் விக்கிரவாண்டிக்குப் பக்கத்திலேயே, குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடித்துக் கொடுமைப்படுத்தியதாகப் புகார் எழுந்தது, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. அங்கே இருந்தவர்களில் பலரை யாரோ ஒருவர் நல்ல இடம் என்று நம்பித்தான் விட்டிருப்பார்கள். எனவே மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா, டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், சாப்பாடு எங்கே சமைக்கிறார்கள் என்றெல்லாம் கேளுங்கள். முகம் சுளித்தால் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.